தூணை மறைத்து நின்ற பெண்

அடுத்தவர் போனில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பேருந்தில் முன் சீட்டுக்காரரின் தோளுக்கு மேலாகப் பார்ப்பேன். ரேஷன் கடை வரிசையில் பார்ப்பேன். வம்புக்காக இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். ஆனாலும் எனக்கு அது தீராத ஆச்சரியம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கல்யாண வீட்டில் இருப்பார், இன்னொருவர் கட்சிச் சண்டையில் இருப்பார். நடத்துனர் வந்து தட்டினால்தான் இரண்டு பேரும் பேருந்துக்குத் திரும்புவார்கள்.

எங்களுடையது தண்ணீர் அலுவலகம். தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டி, பாசனத்தைக் கவனிக்கும் சின்ன அலுவலகம். என் ஜன்னலைத் திறந்தால் ரெகுலேட்டர் தெரியும். ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு நடுவில் இரும்பு ஷட்டர்கள், மேலே ஆள் நடக்க ஒரு பாலம். ஷட்டரை ஏற்றினால் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் போகும். நான் அங்கே கண்காணிப்பாளர். பெயரில்தான் கண்காணிப்பு, பார்ப்பதெல்லாம் காகிதம்தான்.

போன் வந்த பிறகு எங்கள் அலுவலகம் மாறிய விதத்தை நான் ஒரு வேடிக்கை போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வாய்க்காலைத் தூர் வாரினால் தூர் வாரியதாக அர்த்தம். இப்போது அதைப் படம் எடுத்து குரூப்பில் போட்டால்தான் வாரியதாகக் கணக்கு. மதிய சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரைவாளர் பழைய நாகஸ்வரக் கச்சேரி கேட்பார். கணக்குப் பார்ப்பவர் யாரோ ஒருவர் மீன் வறுப்பதைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவார். எங்கள் பொறியாளர் சாருக்கு மட்டும் ஐந்து குரூப்பிலும் காலை வணக்கம் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

இவர்களில் என் ஆர்வத்தை அதிகம் கிளறியது என் பக்கத்து மேசைப் பெண். கணினியில் தட்டச்சு செய்ய ஒப்பந்தத்தில் வந்தவள். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் அம்மா நாற்று நடவும் களை பறிக்கவும் போனவர். முட்டி தேய்ந்துபோய் இப்போது போவதில்லை. வீட்டில் இரண்டே பேர், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒப்பந்த வேலை என்பது எப்படிப்பட்ட வேலை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு சார் ஒரு போன் செய்தால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருக்கும்.

அவளுடைய போன்தான் எங்கள் அலுவலகத்தின் போன். அது எப்படி ஆனது என்பதும் ஒரு கதை. பாசன விவசாயிகளுக்கு குரூப் தொடங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அலுவலகத் தொலைபேசியோ என்றைக்கோ செத்துப்போயிருந்தது. யார் நம்பரில் தொடங்குவது என்று சார் கேட்டதும் நாங்கள் எல்லோரும் அவசரமாக ஃபைல் பார்க்க ஆரம்பித்தோம். இளைத்தவள் தலையில் விழுந்தது. அவள் ஊர் ஊராக எல்லா விவசாயிகளின் நம்பரையும் தன் போனில் ஏற்றினாள். அவர்களும் அவள் நம்பரைத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டார்கள், ‘தண்ணி ஆபீஸ்’ என்ற பெயரில்.

அவள் முதல் பேருந்திலேயே வந்துவிடுவாள். நாங்கள் வருவதற்குள் ரெகுலேட்டர் பாலத்துக்குப் போய், கரையோரக் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி முதல் தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வாள். தினமும் அதே இடம். அங்கேதான் காலை வெயில் முகத்தில் நன்றாக விழும் என்பாள். படத்தின் மேல் ஒரு பூவும் ‘குட் மார்னிங்’கும் ஒட்டி ஸ்டேட்டஸில் போடுவாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று திறந்து பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“யாரும்மா இவங்கல்லாம்? உன்னோட படிச்சவங்களா?”

“இல்ல மேடம். காலேஜ்ல படிச்சப்போ பத்துப் பேரு பாத்தாலே பெருசு. இங்க வந்த பிறகுதான் முந்நூறு தாண்டுச்சு. எல்லாம் நம்ம விவசாயிங்க.”

போனை என் பக்கம் திருப்பினாள். நன்னிலம் பக்கத்து ஊர்கள், கூத்தாநல்லூர் பக்கத்து ஊர்கள் என்று வரிசையாக வந்தன. முண்டாசு கட்டிய முகங்கள், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் முகங்கள், முகத்துக்குப் பதில் டிராக்டர்.

“இந்த வயசுல இவங்களுக்கு உன் படத்தைப் பாக்க என்ன வேலை? கொஞ்சம் ஜாக்கிரதையா இரு.”

“ஒருத்தரும் தப்பா ஒரு வார்த்தை அனுப்பினது இல்ல மேடம். ஒரு நாள் போடலைன்னா மட்டும், இன்னைக்குப் படம் இல்லையாம்மான்னு கேப்பாங்க. நம்ம மேல ஒரு பிரியம்னு வச்சுக்குங்களேன்.”

அதைச் சொன்னபோது அவளிடம் பகட்டு இல்லை. காலையில் எழுந்ததும் முந்நூறு பேர் தன்னைத் தேடுகிறார்கள் என்பதை ஒரு சொத்துபோல வைத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் ஆறவில்லை. விடிந்தும் விடியாமலும் வயலுக்குப் போகிற ஆட்கள் ஒரு தட்டச்சுப் பெண்ணின் படத்துக்காக ஏன் காத்திருக்கிறார்கள் என்று வீட்டில் வெங்காயம் உரிக்கும்போதுகூட யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை.

அது குறுவைக்கு விதை விடும் நேரம். மேட்டூரைத் திறந்திருந்தார்களே தவிர தண்ணீர் குறைவு. மேலே இருக்கும் வாய்க்கால்களுக்கு முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். கடைமடை ஊர்கள், அதாவது ஆறு முடிகிற இடத்தில் இருப்பவை, எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போன சார் முகம் சிவந்து திரும்பி வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

நன்னிலத்துக்கு அப்பால் ஒரு கடைமடைக் கிராமத்து விவசாயி மாவட்ட ஆட்சியர் முன்னால் எழுந்து நின்று பேசியிருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டது என்று தண்ணீர் அலுவலகத்திலேயே படம் போட்டார்கள், அதை நம்பி விதை விட்டேன், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, நாற்று கருகிவிட்டது என்று சொல்லி, போனையும் உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

“ஆபீஸ் நம்பர்ல அறிவிப்பு கொடுக்க அந்தப் பொண்ணு யாரு? என்ன நடந்துச்சுன்னு விசாரிச்சு திங்கக்கிழமை எனக்கு ரிப்போர்ட் வேணும். அதுக்கப்புறம் ஏஜென்சிக்கு நான் பேசிக்கிறேன்” என்றார் சார்.

என்ன பேசுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. சாரின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும். நான் என் மேசைக்கு வந்தபோது அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்குக் காய்ச்சல் மேடம். லீவுல வீட்ல படுத்திருந்தேன். ஒரு நாள் விட்டாலும் கேப்பாங்களேன்னு போன வருஷம் எடுத்த படம் ஒண்ணைப் போட்டேன். அதுல என் முகம் நல்லா இருக்கும். தண்ணியப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதல. சத்தியமா மேடம்.”

காட்டினாள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், பூ இருந்தது, குட் மார்னிங் இருந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று எங்கேயும் இல்லை. இதை வைத்து ஒரு மனுஷன் எப்படி விதை விடுவான்? அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வந்த கோபத்தில் மறுநாளே நன்னிலத்துக்குப் பேருந்து ஏறினேன். கோபம் பாதி என்றால் மீதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

போனில் சொல்லியிருந்ததால் அந்த விவசாயி பேருந்து நிறுத்தத்துக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அறுபதை நெருங்கும் ஆள், மெலிந்த உடம்பு. கேட்ட முதல் கேள்வியே சூடாக இருந்தது.

“சமாதானம் பேச வந்தீங்களா?”

“இல்லைங்க. தெரிஞ்சுக்க வந்தேன்.”

“அப்ப உக்காருங்க” என்று வண்டியின் பின்சீட்டைத் தட்டினார்.

நாற்றங்காலைக் காட்டினார். பார்க்கச் சங்கடமாக இருந்தது. சேறு வெடித்து, விரல்நீளம் வந்த நாற்று வெளிறிப் படுத்திருந்தது. தண்ணீர் வருவது நிச்சயமாகாமல் ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“படத்தைப் பாத்த அன்னைக்கே விதைய ஊறப் போட்டுட்டோம் மேடம். ஊறி, கோணியில கட்டி மூட்டம் போட்டு, முளை கட்டியாச்சு. முளை கட்டின விதை கோணிக்குள்ள காத்திருக்குமா? சேத்துல விட்டுத்தான் ஆகணும். வாய்க்கால்ல தேங்கிக் கெடந்ததை எஞ்சின் வச்சு எறைச்சு விட்டோம். ஆத்துத் தண்ணி வந்து சேந்துக்கும்னு கணக்கு. வரல.”

“அந்தப் படத்துல தண்ணி வருதுன்னு எங்கே போட்டிருக்கு?”

போனை எடுத்தார். அதில் அவர் சேர்த்து வைத்திருந்த படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். நான் எத்தனையோ பேர் போனை எட்டிப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எல்லாம் தூண். எங்கள் ரெகுலேட்டரின் முதல் தூண், அதன் அடியில் ஆறு. ஒவ்வொரு நாள் ஸ்டேட்டஸையும் விரலால் பெரிதாக்கி, தூண் இருக்கும் பகுதியை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு நாள் தண்ணீர் தூணின் பாசியைத் தொடவில்லை. ஒரு நாள் தொட்டிருந்தது. கடைசிப் படத்தில் பாசியே தெரியவில்லை, முழுகியிருந்தது.

“உங்க சார் குரூப்ல தினமும் கனஅடி போடுறாரு. கனஅடிய நான் எந்தப் படியால அளக்கறது? இந்தப் பாசி முழுகுச்சுன்னா நாலஞ்சு நாள்ல எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்துரும். ரெண்டு வருஷமா அப்படித்தான் வருது. இதைப் பாத்துத்தான் சுத்துப்பட்டுல எல்லாரும் விதை விடுறாங்க. மத்தவங்க தப்பிச்சாங்க, நான் முந்திக்கிட்டேன்.”

அது போன வருடத்துப் படம் என்று சொன்னேன். அவர் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அதானே. தூணுக்கு இந்தப் பொங்கலுக்குப் பிறகுதானே வெள்ளையடிச்சீங்க. இதுல பழைய கறை அப்படியே இருக்கு. ஆசையில கண்ணு தெரியல எனக்கு” என்றார். அதன் பிறகு அவர் பேச்சில் சூடு இல்லை. ஆட்சியர் முன்னால் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றுகூடச் சொன்னார்.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன்.

“இதுல ஒரு பொண்ணு நிக்குமே?”

“எந்தப் பொண்ணு?”

“தினமும் படத்துல நிக்கிற பொண்ணு.”

யோசித்தார். படங்களை மறுபடி தள்ளிப் பார்த்தார். ஒன்றில் ஓரமாக ஒரு முழங்கை மட்டும் வந்திருந்தது.

“ஆமா, யாரோ குறுக்கால நிக்கும். சில நாளு தூணையே மறைச்சுக்கிட்டு நிக்கும், தண்ணி எம்மாம் நிக்குதுன்னே தெரியாது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே. அந்தப் பெண்ணுக்கு வேலை போகப்போகிறது என்று சொன்னதும் பதறிவிட்டார்.

“வேலைய விட்டெல்லாம் தூக்கிறாதீங்க. அப்புறம் படம் யாரு போடுவா?”

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். முடிச்சு அவிழ்ந்த திருப்தி. முந்நூறு பேரும் பார்த்தது தூணைத்தான். வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்போதுதான் இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்ற எண்ணம் வந்தது. அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். அவள் அறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை, தன் படத்தைத்தான் போட்டாள், பார்த்தவர்கள் பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவருக்கு வசதியான பதிலாகவும் இருந்தது. ஆட்சியரிடம் அதைச் சொல்லலாம். இதையே அவள் கைப்பட விளக்கமாக எழுதி வாங்குங்கள், ஏஜென்சிக்குப் பேச வேண்டியதில்லை என்றார். பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது.

“இத்தனை பேரு பாக்குறாங்கன்னா நாமளே போட்டா என்ன? தினமும் பத்து மணிக்கு, தேதி போட்டு, குரூப்லயே அந்தத் தூணைப் போடச் சொல்லுங்க. தூணை மட்டும். இனிமே ஆபீஸ் இடத்துல சொந்தப் படம் கிடையாது.”

விளக்கத்தை நான்தான் வரைவு எழுதினேன். எங்கள் அலுவலகத் தமிழ் எப்படி இருக்கும் என்று தெரியுமே. ‘மேற்படி நாளில் நான் பதிவிட்டது எனது சொந்தப் புகைப்படமேயாகும். அதில் நீர்வரத்து குறித்து யாதொரு அறிவிப்பும் செய்யவில்லை. மேற்படி படத்தைப் பார்த்தவர்கள் பின்னணியிலிருந்த தூணையும் நீர்மட்டத்தையும் மட்டுமே கண்டுள்ளனர் எனத் தெரிய வருகிறது.’

அவள் அதைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசி வாக்கியத்தில் பேனா நின்றது. வரைவை இரண்டு முறை படித்தாள்.

“இதை எழுதணுமா மேடம்?”

“இந்த வரிதாம்மா உன் வேலையைக் காப்பாத்துது.”

எழுதினாள். எழுத்து முதல் வரியில் இருந்ததுபோலவே குண்டுகுண்டாக, அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்து, ஒன்றும் இல்லை, வேலை இருக்கிறது என்று சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் முதல் பேருந்தில் வரவில்லை. எங்களோடு சேர்ந்தே வந்தாள். பாலத்துக்குப் போய்த் தூணைப் படம் எடுத்து, தேதி போட்டு, பத்து மணிக்கு குரூப்பில் ஏற்றினாள். கட்டைவிரல்கள் குவிந்தன. ‘மிக்க நன்றி’ என்று ஒருவர் எழுதினார். ‘இன்னைக்குத்தான் தூண் முழுசாத் தெரியுது’ என்று இன்னொருவர் எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“மேடம், அந்த ஊருக்குப் போனீங்களே.”

“ம்.”

“அங்க ஒருத்தர்கூடவா என்னைப் பாத்ததா சொல்லல?”

சங்கடம் தாங்காமல் கதை கட்டினேன்.

“ஏன் சொல்லாம? அவரு வீட்டுக்காரம்மா தினமும் பாப்பாங்களாம். நீ கட்டியிருந்த புடவை ஒண்ணு ரொம்பப் பிடிச்சுதாம். எங்க எடுத்ததுன்னு உன்கிட்டக் கேக்கச் சொன்னாங்க.”

அவள் முகம் மலர்ந்தது. நாற்காலியை முழுக்க என் பக்கம் திருப்பினாள்.

“எந்தப் புடவை மேடம்?”

நான் யோசித்தேன். இரண்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போனுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எந்த ஊர்க்காரர் எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்று தெரியும். ஒரு புடவை ஞாபகத்துக்கு வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“பச்சை” என்றேன்.

“என்கிட்டப் பச்சையே கிடையாது மேடம். எனக்கு ஆகாதுன்னு அம்மா எடுக்க விட மாட்டாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, பாதியில் விட்டிருந்த கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.